அறுபது சிப்பக் குடித்தனம்

வீடு மாறுவதற்கு நம் ஆட்கள் விட்டுவைத்திருக்கும் மாதங்கள் குறைவு. ஆடியில் குடிபோகக் கூடாது, புரட்டாசியில் கூடாது, மார்கழியில் பேச்சே எடுக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை என்றால் மழை. ஆகவே தை பிறந்ததும் நாட்டில் உள்ள குடித்தனங்களெல்லாம் ஒரே மூச்சில் பாயைச் சுருட்டக் கிளம்பிவிடுகின்றன. காவிரிப் படுகையிலோ அதே தையில்தான் சம்பா அறுவடை. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறப்பார்கள், ஜனவரி 28-ல் மூடுவார்கள். மூடுகிற நேரத்தில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கும். அதன் பிறகு லாரி, டிராக்டர், சாக்கு, லோடுமேன், தார்ச்சாலை, வாசல் திண்ணை எல்லாம் நெல்லுக்குத்தான். மனிதர்களுக்கு மிச்சம் மீதி.

குடிபோகிறவர்களின் தையும் நெல்லின் தையும் முட்டிக்கொள்கிற இடத்தில், கல்யாணமாகி முதன்முறையாக ஊர் விட்டு ஊர் வீடு மாறிய நாங்கள் இருவரும் பீரோ கட்டிலோடு போய் நின்றோம். சில வருஷங்களுக்கு முந்திய கதை.

மனைவிக்கு வங்கியில் மாற்றல். சென்னையிலிருந்து பாபநாசம் பக்கம் ஒரு கிளை. எனக்கு எங்கே உட்கார்ந்தும் பார்க்கக்கூடிய வேலை என்பதால் மறுபேச்சுக்கு இடமில்லை. அதற்கு முன் நாங்கள் வீடு மாறியதெல்லாம் ஒரு தெருவிலிருந்து பக்கத்துத் தெருவுக்கு. ஒரு குட்டியானை வண்டியும் இரண்டு நண்பர்களும் ஒரு பொட்டலம் பரோட்டாவும் போதும். இது முந்நூறு கிலோமீட்டர் சமாச்சாரம். குடிபெயர்த்துத் தரும் கம்பெனிகள் சொன்ன தொகையைக் கேட்டு, "அதுக்குப் பழசையெல்லாம் இங்கேயே தள்ளிவிட்டு அங்க போய்ப் புதுசா வாங்கிடலாங்க" என்றாள் மனைவி. அப்போதுதான் யாரோ ரிட்டர்ன் லோடு என்ற மந்திரத்தைச் சொன்னார்கள். திருவையாறு பக்கத்திலிருந்து கோயம்பேட்டுக்கு வாழைத்தார் ஏற்றி வரும் லாரி திரும்பும்போது காலியாகத்தான் போகும். டீசலுக்கு மேல் ஏதோ போட்டுக் கொடுத்தால் சாமானை ஏற்றிக்கொள்வார்கள். பாதி வாடகை. சந்தோஷமாக முன்பணம் கொடுத்தோம். லாரியின் தளம் முழுக்க வாழைக்கறை என்பதும், வாழைக்கறைக்கு இந்த உலகில் மருந்து கிடையாது என்பதும் மெத்தையை இறக்கும்போதுதான் தெரியவந்தது. அந்த மெத்தை இன்றைக்கும் வரைபடம் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டில் இருக்கிறது.

நாள் குறித்தது மாமியார். தைப்பூசம். காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும். முந்தின இரவு கிளம்பினால் விடியற்காலை போய்ச் சேர்ந்துவிடலாம் என்று டிரைவர் அண்ணனும் தலையாட்டினார். காஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்துவிட்டு, புது ஊரில் இணைப்பு வாங்கக் காகிதம் வாங்கிக்கொண்டோம். அடுப்பில்லாமல் பால் எப்படிப் பொங்கும் என்று கேட்டதற்கு, மாமியார் ஒரு மின்சார அடுப்பை வாங்கி வந்து அட்டைப்பெட்டியின் அடியில் வைத்தார். அதன் மேல் பால் பாத்திரம், காமாட்சி விளக்கு, உப்பு, மஞ்சள், துவரம்பருப்பு, அரைக்கிலோ காபித்தூள், எங்கள் இருவரின் பல்தேய்க்கும் சாமான், துண்டு. பெட்டியை ஒட்டி, தடித்த மார்க்கர் பேனாவால் நான்கு பக்கமும் எழுதினார்: "முதல் பெட்டி. முதலில் பிரிக்கவும்."

லாரி வந்தது. ஏற்றுக்கூலி ஆட்கள் வந்தார்கள். அவர்களில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் "டேய், இது மொதோ பொட்டியாம்டா" என்று சொல்லி, அதை முதலாவதாகத் தூக்கிக்கொண்டு போய் லாரியின் உள்மூலையில் வைத்தார். அதன் மேல் பீரோ, அதற்கு முன்னால் கட்டில், கிரைண்டர், குளிர்பதனப் பெட்டி, புத்தக மூட்டை, துணி மூட்டை. மாமியார் கீழே வந்து பார்த்தபோது தார்ப்பாய் இழுத்துக் கட்டியாகிவிட்டது. "சரி விடுங்க, பத்திரமா இருக்கும்" என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். அந்தப் பெட்டி பத்திரமாகத்தான் இருந்தது. எவ்வளவு பத்திரமாக என்பது பிறகு வருகிறது.

டிரைவருக்குப் பக்கத்தில் நாங்கள் இருவர், மனைவியின் மடியில் துளசித் தொட்டி, என் மடியில் சட்டம் போட்ட தஞ்சாவூர் ஓவியம். கல்யாணத்துக்கு வந்த பரிசு. தஞ்சாவூருக்குத் தஞ்சாவூர் ஓவியம் கொண்டுபோவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான் என்றாலும், கண்ணாடியும் தங்கத்தாளுமாக இருப்பதைப் பின்னால் போட மனம் வரவில்லை. இன்னொரு பரிசான தலையாட்டி பொம்மையை டிரைவர் தானாகவே எடுத்து முன்கண்ணாடி ஓரம் வைத்துக்கொண்டார். அடிப்பாகம் கனமாக இருப்பதால் எப்படித் தள்ளினாலும் நிமிர்கிற பொம்மை. வழியெல்லாம் அவர் சொன்னதற்கெல்லாம் அது ஆமாம் போட்டது. "அஞ்சு மணிக்கு இறக்கிடறேன் சார்" என்றார். பொம்மை ஆமாம் என்றது.

விக்கிரவாண்டியில் திருச்சி சாலையை விட்டுப் பிரிந்தால் தஞ்சாவூர் வரை சுமார் 165 கிலோமீட்டர். நாற்பத்தைந்து சி என்று பழைய ஆட்கள் சொல்லும் சாலை. இப்போது தேசிய நெடுஞ்சாலை 36. நான்கு வழியாக்கும் வேலை வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு பர்லாங் வழவழப்பு, அடுத்த பர்லாங் பள்ளம், அதற்கடுத்து "மாற்றுப்பாதை" என்று ஒரு பலகை. ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னாலிருந்து ஒரு சத்தம் வரும். கணவன் மனைவி இருவரும் சத்தத்தை வைத்து அது எந்தப் பாத்திரம் என்று கண்டுபிடிக்கும் விளையாட்டில் இறங்கினோம். "அது இட்லிப் பானை." "இல்லங்க, குக்கர் மூடி." பண்ருட்டி தாண்டிய ஒரு பள்ளத்தில் வந்த சத்தத்துக்கு இருவருமே பேர் சொல்லவில்லை. அது டீ செட்.

நெய்வேலி வெளிச்சம் தெரிந்தபோது சாலையில் கூட்டம் சேர ஆரம்பித்தது. தலையில் மூட்டையோடு குடும்பம் குடும்பமாக நடந்துபோனார்கள். "ஐயையோ" என்று டிரைவர் தலையில் கை வைத்தார். "நாளைக்குப் பூசம்ல சார்! வடலூர் ஜோதியில்ல!" மாமியார் நல்ல நாள் பார்த்தாரே தவிர, அந்த நல்ல நாளில் எங்கள் வழியிலேயே பல லட்சம் பேர் கூடுவார்கள் என்று பஞ்சாங்கத்தில் போடவில்லை. வள்ளலார் சத்திய ஞான சபையில் ஏழு திரை நீக்கி ஜோதி காட்டுவது தைப்பூசத்தன்றுதான். முதல் தரிசனம் காலை ஆறு மணிக்கு. முந்தின இரவே ஊர் நிரம்பிவிடும். போலீஸ்காரர் ஒருவர் லாரியை ஓரம் கட்டச் சொல்லி, நிதானமாக, "விடிஞ்சப்புறம் பார்க்கலாம்" என்றார்.

இரவுச் சாப்பாட்டை விழுப்புரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு, பார்க்காமலே வந்திருந்தோம். பசி வயிற்றைக் கிள்ளியது. 1867-ல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு அணையாமல் எரிகிற ஊரில், காஸ் இணைப்பை ஒப்படைத்துவிட்டு வந்த குடும்பம் ஒன்று பட்டினி கிடக்குமா என்ன? சாலை ஓரமெல்லாம் அன்னதானப் பந்தல். நடுநிசியில் ஒரு பெரியவர் லாரியின் ஜன்னலைத் தட்டி, "இறங்குங்க, இலை போட்டாச்சு" என்றார். சாம்பார் சாதம். மனைவி துளசித் தொட்டியோடு பந்தியில் உட்கார்ந்தாள். கீழே வைத்தால் யாராவது மிதித்துவிடுவார்கள் என்ற பயம். பரிமாறியவர் அவளைப் பார்த்துவிட்டுத் தொட்டிக்கும் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றினார். அந்தப் பயணத்தில் எல்லாம் சரியாக நடந்த ஒரே இடம் வடலூர்தான்.

போக்குவரத்தை ஒருவழியாகச் சந்து பொந்துகளில் திருப்பிவிட்டு எங்களைச் சேத்தியாத்தோப்பில் சேர்த்தபோது மணி ஐந்து. பொம்மை இன்னும் ஆமாம் போட்டுக்கொண்டிருந்தது. சேத்தியாத்தோப்பிலிருந்து சென்னைக்குக் குழாயில் வீராணம் ஏரித் தண்ணீர் போகிறது. 2004-லிருந்து மாநகரம் குடிக்கிற தண்ணீரில் அதற்குப் பங்கு உண்டு. அந்த ஏரிக்கு நீர் வருவது கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக. அதாவது நாங்கள் காவிரிக்குக் குடிபோகும் முன்பே காவிரி எங்கள் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது, இருநூறு கிலோமீட்டருக்கு மேல், ஒரு சொட்டு சிந்தாமல். எங்கள் டீ செட்டை நினைத்துக்கொண்டேன்.

மீன்சுருட்டியில் விடிந்தது. பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரம். ராசராசன் 1010-ல் பெரிய கோயிலைக் கட்டி முடித்து, தஞ்சாவூரை உலகம் பார்க்கும் தலைநகராக ஆக்கிவிட்டுப் போனான். பதினைந்து வருஷம் போல ஆனதும் மகன் ராசேந்திரன் தலைநகரையே தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டான். அதிகாரிகள், படைத்தலைவர்கள், கணக்கர்கள், அத்தனை பேர் குடித்தனமும் கொள்ளிடம் தாண்டி வந்திருக்க வேண்டும். செப்பேடுகள் கங்கை நீர் கொண்டுவந்ததைச் சொல்கின்றன. அத்தனை அம்மி ஆட்டுக்கல்லை யார் தூக்கினார்கள் என்பதைச் சொல்லவில்லை. "பாவம், எத்தனை பொண்டாட்டிமாருங்க திட்டியிருப்பாங்க" என்றாள் மனைவி. அவள் கை மரத்துப்போய் துளசித் தொட்டி என் மடிக்கு மாறியிருந்தது.

அணைக்கரைக்குப் போகும் வழியில் மறுபடி ஒரு கை நீண்டது. கீழணை 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டியது. அதன் மேல் போகும் பழைய பாலம் குறுகல். அப்போது கார், பஸ்ஸை மட்டும் ஒரு பக்கம் நிறுத்தி ஒரு பக்கம் விடுவார்கள். பாரவண்டிக்கு இடமில்லை. ஜெயங்கொண்டம், தா.பழூர் வழியாகச் சுற்றி, மதனத்தூர் நீலத்தநல்லூர் பாலத்தில் கொள்ளிடம் தாண்ட வேண்டும். "தெரியாதாண்ணே?" என்று கேட்டேன். "வாழைத்தார் ஏத்துனா நான் திருச்சி வழியா போயிடுவேன் சார். நீங்க பாபநாசம்னதுனால குறுக்க வந்தேன்" என்றார். மணி ஏழரை. நல்ல நேரம் எங்களைக் கேட்காமல் ஆரம்பித்துவிட்டது. மாமியாரிடமிருந்து போன். மனைவி கைப்பேசியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டாள்.

கொள்ளிடத்துக்குத் தெற்கே இறங்கியதும் நெல் ஆரம்பித்தது. வயலில் நெல் என்பது சரி, சாலையில் நெல். இரட்டைச் சாலையில் ஒரு பாதி முழுக்கப் பொன்னிறமாகப் பரத்தி, ஓரத்தில் கருங்கல்லும் மரக்கட்டையும் வரிசை வைத்து எல்லை கட்டியிருந்தார்கள். ஏன் என்று டிரைவர் சொன்னார். அரசாங்கத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்குள் இருந்தால்தான் நெல்லை எடுப்பார்கள். மிஷின் வைத்து அறுக்கிற நெல் வயலிலிருந்து பச்சையாகவே வருகிறது. தை மாதப் பனி வேறு. களம் எல்லா ஊரிலும் கிடையாது. கறுத்த தார்ச்சாலை வெயிலில் நன்றாகச் சூடேறும். அதைவிட நல்ல களம் யார் போட்டுக் கொடுப்பார்கள்?

ஓரிடத்தில் ஒரு ஆத்தா சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாதத்தைத் தரையோடு இழுத்து இழுத்து நெல்லில் கோடு போட்டுக்கொண்டு வந்தார். ஒரு கோடு நெல் மேடு, ஒரு கோடு தார். திரும்பி வரும்போது மேட்டைக் காலால் சரித்து, மூடியிருந்த பக்கத்தை வெயிலுக்குக் காட்டினார். எதிரில் டிராக்டர் ஒன்று டிரெய்லருக்கு இரண்டு பக்கமும் பிதுங்க வைக்கோல் ஏற்றி வந்துகொண்டிருந்தது. லாரி ஒதுங்க வேண்டுமானால் நெல் மேல்தான் சக்கரம் ஏற வேண்டும். டிரைவர் வண்டியை அப்படியே நிறுத்தி எஞ்சினையும் அணைத்துவிட்டார். "சோத்து மேல வண்டி ஏத்த மாட்டேன் சார்." ஆத்தா நிமிர்ந்து பார்த்து, "செத்த இருங்கடா, வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை நிதானமாகக் கோடு போட்டு முடித்தார். பிறகு துடைப்பத்தால் ஒரு லாரி ஒதுங்குகிற அளவுக்கு நெல்லைக் கூட்டி வழிவிட்டார். வைக்கோல் வண்டி எங்களை உரசிக்கொண்டு போனபோது, லாரியின் உச்சியில் கட்டியிருந்த எங்கள் துணி உலர்த்தும் ஸ்டாண்டையும் கூட அழைத்துக்கொண்டு போய்விட்டது. ஒன்பது மணி அடித்தது அப்போதுதான். நல்ல நேரமும் போயிற்று.

கும்பகோணம் தாண்டிப் பாபநாசம் வரும்போது திருப்பாலைத்துறைக் கோயில் வளாகத்தில் உருண்டையாக, கூம்புத் தலையோடு நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. நாயக்கர் காலத்தது. மூவாயிரம் கலம் நெல் பிடிக்குமாம். "அதுல ஆளுங்க குடியிருந்தா வாடகை என்ன கேப்பாங்க?" என்று மனைவி கேட்டாள். தூக்கமில்லாத பேச்சு என்று நினைத்தேன். அரைமணி நேரத்தில் நாங்களே அப்படிப்பட்ட ஒரு களஞ்சியத்துக்குள் குடிபோனோம்.

குடமுருட்டிக் கரையில் அந்த ஊர். பழைய நீள வீடு. முன்கட்டு எங்களுக்கு, பின்கட்டில் வீட்டுக்காரர். ஐயா திண்ணையிலிருந்து எழுந்து வந்து, "வாங்க தம்பி, வாம்மா" என்றார். குரலில் ஏதோ தயக்கம். கதவைத் திறந்தோம். கூடம் முழுக்க நெல் மூட்டை. தாழ்வாரத்தில் நெல் மூட்டை. சமையலறை வாசலில் ஆள் ஒருக்களித்து நுழையும் சந்து விட்டு நெல் மூட்டை. "என்ன பண்றது தம்பி, கொண்டுபோனேன். ஈரப்பதம் இருபதுக்கு மேல காட்டுதுன்னுட்டாங்க. திரும்பக் கொண்டாந்து காயப்போட்டேன். மானம் வேற மூட்டம் போடுது. பின்கட்டுல ஒழுகும். முன்கட்டுதான் நல்லா இருக்கு. நீங்க சாயங்காலந்தான் வருவீங்கன்னு பெரியம்மா சொன்னா..." பெரியம்மா பின்கட்டிலிருந்து, "நான் எங்க சொன்னேன்?" என்றார்.

லாரியை எவ்வளவு நேரம் நிறுத்தி வைப்பது? டிரைவருக்கு மறுநாள் வாழைத்தார். இறக்க ஆள் இல்லை. ஊரில் உள்ள லோடுமேன்களெல்லாம் கொள்முதல் நிலையத்தில். ஐயா போன் போட்டார். எங்கள் அதிர்ஷ்டம், பிடித்த நெல்லைக் கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டிய லாரி அங்கே வரவில்லையாம். மூட்டை அடுக்க இடமில்லாமல் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேர் வந்தார்கள். இடுப்பில் கைவைத்து எங்கள் சாமானைச் சுற்றி வந்து பார்த்தார்கள். அவர்கள் உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே அளவை: சிப்பம். கொள்முதல் நிலையத்துச் சாக்கில் நாற்பது கிலோ நெல் பிடித்துத் தைத்தால் ஒரு சிப்பம். கூலியும் அந்தக் கணக்கில்தான். "பீரோ மூணு சிப்பம். கிரைண்டர் ஒண்ணு. பொஸ்தகம் அஞ்சு... என்ன சார் இம்புட்டு பொஸ்தகம்?" விரல் விட்டு எண்ணி, கூடிப் பேசி, முடிவைச் சொன்னார் மூத்தவர்: "உங்க குடித்தனம் அறுபது சிப்பம் தேறும் சார்." எங்கள் வாழ்க்கையை ஒருவர் இவ்வளவு துல்லியமாக மதிப்பிட்டது அதுதான் முதல்முறை. பேரம் பேசத் தோன்றவில்லை.

கூடத்தில் இடமில்லாததால் சாமானெல்லாம் வாசலில் இறங்கியது. பீரோ மாட்டுக் கொட்டகையில். கட்டில் வேப்பமரத்தடியில். குளிர்பதனப் பெட்டி திண்ணையில் நின்று தெருவைப் பார்த்தது. காலி லாரியைப் பார்த்ததும் ஐயா முகத்தில் ஒரு வெளிச்சம். "ஏந்தம்பி, நெல்லு இப்ப நல்லா காஞ்சுபோச்சு. லாரி சும்மாதான போகுது?" டிரைவர் என்னைப் பார்த்தார். பொம்மை வண்டிக்குள்ளிருந்து ஆமாம் போட்டது. லோடுமேன்கள் எங்கள் கூடத்து நெல்லையெல்லாம் அந்த லாரியிலேயே ஏற்றினார்கள். லாரி கொள்முதல் நிலையத்துக்குப் போய் நெல்லைத் தட்டிவிட்டு அப்படியே திருவையாற்றுக்குப் போயிற்று. கூடம் காலி. பெருக்கினோம். நெல் சுணை உடம்பெல்லாம் அரித்தது. கை கால் கழுவி, சரி, இப்போதாவது பாலைக் காய்ச்சுவோம் என்று முதல் பெட்டியைத் தேடினோம்.

இல்லை.

வீட்டில் இல்லை, வாசலில் இல்லை, கொட்டகையில் இல்லை. லாரியின் உள்மூலை இருட்டில் முதலாவதாக ஏறிய பெட்டியை, இறக்கும்போது யாரும் கடைசியாக இறக்கவில்லை. அதன் மேல் நெல் ஏறிவிட்டது. மாமியாருக்கு இதைச் சொல்வதா வேண்டாமா என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் போன் வந்தது. "பால் பொங்கிச்சா?" "பொங்கும்மா, பொங்கும்" என்று மனைவி பொதுவாகச் சொல்லி வைத்தாள்.

ஐயாவின் மொபெட்டில் நானும் அவரும் கொள்முதல் நிலையம் போனபோது பொழுது சாய்ந்துவிட்டது. வெட்டவெளியில் வரிசையாக நெல் குவியல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தார்ப்பாய், ஒவ்வொரு தார்ப்பாய்க்கும் ஒரு காவல். முறை வருகிற வரை விவசாயி தன் நெல்லுக்குத் தானே காவல் இருக்க வேண்டும். ராத்திரி மாடு வரும், மழை வரும், தூக்கம் வரும். குவியல்களுக்கு நடுவே மூன்று செங்கல்லை வைத்து அடுப்பு மூட்டி ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. அடுப்பின் மேல் எங்கள் பால் பாத்திரம்.

"இது யார் பொட்டின்னு தெரியலைங்க. நெல்லோட வந்துச்சு" என்றார் ஒருவர் எழுந்து. "முதலில் பிரிக்கவும்னு எழுதியிருந்துச்சு. சரின்னு பிரிச்சோம்." எழுதியதை எழுதியபடி செய்த முதல் ஆள் அவர்தான். உள்ளே காபித்தூள் இருந்தது. பக்கத்து வீட்டில் பால் வாங்கினார்கள். மின்சார அடுப்பை என்ன செய்வதென்று தெரியாமல் அதன் மேல் தம்ளர்களை வைத்திருந்தார்கள். காமாட்சி விளக்கைத் தரையில் வைக்க மனம் வராமல் ஒரு நெல் குவியலின் உச்சியில் வைத்திருந்தார்கள். விளக்கு இருக்கும்போது எண்ணெய் இல்லாமல் எப்படி என்று யாரோ எண்ணெயும் கொண்டுவந்து, ஏற்றியும் இருந்தார்கள். எனக்கும் ஒரு தம்ளர் காபி கொடுத்தார்கள். எங்கள் காபித்தூளில் அவ்வளவு நல்ல காபி அதற்கு முன் குடித்ததில்லை. பால் அப்படி.

மனைவி மாமியாரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. திட்டு விழப்போகிறது என்று நான் கைப்பேசியிலிருந்து இரண்டடி தள்ளி நின்றேன். "நெல் குவியலுக்கு நடுவுல பால் பொங்கிச்சா? அது மேல காமாட்சி விளக்கா? பூசத்தன்னிக்கா?" என்றார். "அடியே, நான் நாள் பார்த்தா அப்படித்தாண்டி." அதன்பின் ஒரு கட்டளை: வெள்ளிக்கிழமை தஞ்சாவூர் பங்காரு காமாட்சியை இருவரும் போய்ப் பார்க்க வேண்டும்.

போனோம். மேல வீதியில் கோயில். வீடு மாறி வந்தவர்கள் பார்க்க வேண்டிய சாமிதான் அது. சொர்ணத்தால் ஆன அந்த அம்மன் ஆதியில் காஞ்சிபுரத்தில் இருந்தவள். படையெடுப்புக் காலத்தில் பாதுகாப்புக்காக அவளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். தங்கம் என்று தெரியாமலிருக்க முகத்துக்குப் புனுகு பூசி, அம்மை கண்ட பெண் குழந்தை என்று சொல்லிப் பல்லக்கில் மூடிக் கொண்டுவந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. உடையார்பாளையத்தில் தங்கி, திருவாரூரில் தங்கி, கடைசியில் மராட்டிய மன்னர்கள் காலத்தில் தஞ்சாவூரில் நிலைத்தாள். எங்கள் லாரியைச் சுற்றவிட்ட ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில்தான் உடையார்பாளையம். அம்மனோடு வந்த பூசகர் குடும்பத்தில், வழியில் திருவாரூரில் தங்கியிருந்த நாளில் 1762-ல் பிறந்தவர்தான் சியாமா சாஸ்திரி, சங்கீத மும்மூர்த்திகளில் மூத்தவர். வீடு மாறும் வழியில் மற்றவர்கள் எதையாவது தொலைப்பார்கள். அந்தக் குடும்பம் ஒரு மேதையைப் பெற்றுக்கொண்டு வந்து சேர்ந்தது.

யோசித்துப் பார்த்தால் தஞ்சாவூரே குடிவந்தவர்களின் ஊர். தெலுங்கு பேசிக்கொண்டு நாயக்கர்கள் வந்தார்கள். 1532-ல் செவ்வப்ப நாயக்கர் ஆட்சியில் உட்கார்ந்தார். 1676 வாக்கில் மராத்தி பேசிக்கொண்டு வெங்கோஜி வந்தார். பட்டு நெய்யச் சௌராஷ்டிரர்கள் வந்தார்கள். ஒவ்வொரு கூட்டமும் தன் தட்டுமுட்டுச் சாமானோடு ஒரு பாட்டையோ நாடகத்தையோ சமையலையோ கொண்டுவந்து இறக்கியது. இறக்கியதெல்லாம் இந்த ஊர்ச் சொத்தாகிவிட்டது. யாராக வந்தாலும் நெல்லுக்குப் பிறகுதான் இடம். இடம் கிடைத்தபின் யாரையும் இந்த மண் வெளியே அனுப்பியதாகத் தெரியவில்லை. எங்களுக்கும் ஐயா அந்த மாதம் பாதி வாடகைதான் வாங்கினார். கூடவே புது நெல் அரைத்த அரிசி ஒரு மரக்கால். புது அரிசி குழையும் என்று யாரும் சொல்லாததால் முதல் இரண்டு நாள் சாதம் என்று நினைத்து வடித்ததெல்லாம் பொங்கலாகத்தான் வந்தது.

தஞ்சைப் பக்கம் மாற்றல் ஆகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முடிந்தால் வைகாசியில் குடிபோங்கள். கோடைநெல் போடாத ஊர்களில் அப்போது வயல் சும்மா கிடக்கும். மேட்டூர் இன்னும் திறந்திருக்காது. லாரியும் கிடைக்கும், லோடுமேனும் கிடைப்பார், கூடமும் காலியாக இருக்கும். தையில்தான் போயாக வேண்டும் என்றால், பஞ்சாங்கத்தைப் பிரிப்பதற்கு முன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "நெல்லு போட்டாச்சுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். விளக்கையும் பால் பாத்திரத்தையும் லாரியில் ஏற்றாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். காபித்தூள் மட்டும் அரைக்கிலோவுக்குப் பதில் ஒரு கிலோவாக வாங்கிப் போங்கள். கொள்முதல் நிலையத்தில் ராக்காவல் இருக்கிறவர்களுக்கு ஆகும்.